தாக்கலுக்கு முன் வரைவைப் பார்க்கும் உரிமை: ஷரத்து வாசகம் வேண்டும்

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றுக்குக் காப்புரிமை உரிம ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மல்லிகை மொட்டைத் தரம்பிரிக்கும் இயந்திரம். விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நிலுவையில் இருக்கிறது. தாக்கல் செய்வது கண்டுபிடிப்பாளரின் ஏஜென்ட். முதல் போடுவது பட்டறை.

வரைவில் இருப்பது ஒரே வரி: "தாக்கல் செய்யும் ஆவணங்களின் நகல் உரிமம் பெறுபவருக்குத் தரப்படும்." எப்போது என்று இல்லை. தாக்கல் செய்த மறுநாள் அனுப்பினாலும் ஷரத்து நிறைவேறியதாகிவிடும்.

ஆபத்து எங்கே என்றால், முதல் ஆய்வறிக்கைக்கு (விண்ணப்பத்தைப் பரிசோதித்து அலுவலகம் ஆட்சேபங்களைச் சொல்லும் கடிதம்) பதில் சொல்ல 6 மாதம் இருந்தும் பதில் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் எழுதப்படுகிறது. அந்த அவசரத்தில் 'அதிர்வுத் தட்டு' என்ற கோரிக்கை (claim, காப்புரிமை எதுவரை காக்கும் என்று வரையறுக்கும் வாசகம்) 'ரப்பர் பூசிய அதிர்வுத் தட்டு' என்று குறுகிவிட்டால், காப்புரிமைச் சட்டம் 59-ஆம் பிரிவுப்படி அதைத் திரும்ப விரிக்க முடியாது. ரப்பர் இல்லாத தட்டைப் போட்டு விற்பவரைத் தடுப்பது பெரும்பாடு.

நாங்கள் யோசித்திருப்பது: அலுவலகக் கடிதம் வந்து 5 வேலை நாளில் நகல், கெடுவுக்கு 30 நாள் முன்னால், திருத்தக்கூடிய வேர்டு கோப்பாக வரைவு, கருத்துச் சொல்ல 10 வேலை நாள். கோரிக்கையைக் குறுக்கவோ விண்ணப்பத்தைக் கைவிடவோ எழுத்துமூலச் சம்மதம் கட்டாயம்.

ஒப்பந்த வழக்கு நடத்தும் வக்கீல்கள் இரண்டு விஷயம் சொல்லுங்கள். "கருத்துகளை நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும்" என்ற வாசகம் எதிர்த்தரப்பை எந்த அளவுக்குக் கட்டும்? 10 வேலை நாளில் பதில் போகாவிட்டால் சம்மதம் என்று எழுதலாமா, குறுக்கும் திருத்தத்துக்கு மட்டும் அதை விலக்கலாமா? கையெழுத்தாகி நடைமுறையில் இருக்கும் ஷரத்து யாரிடமாவது இருந்தால், பெயர்களை அடித்துவிட்டு வாசகத்தை மட்டும் பகிருங்கள்.