குவார்ட்ஸுக்குள் பித்தளை மஞ்சள் திட்டு: சால்கோபைரைட்டா, பைரைட்டா?

கேள்வி:
வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லில் பித்தளை மஞ்சளில் திட்டுத் திட்டாக ஒரு கனிமம். படிக வடிவம் தெரியவில்லை. அங்கங்கே நீலமும் ஊதாவும் படர்ந்திருக்கிறது. மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரசினால் பச்சை கலந்த கறுப்புக் கோடு விழுகிறது. பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்தது), சால்கோபைரைட், போர்னைட் (இரண்டும் தாமிரம், இரும்பு, கந்தகம் சேர்ந்த தாதுக்கள்) மூன்றில் எது?

பதில் 1:
கோடு கறுப்பு என்பதால் தங்கம் இல்லை. தங்கம் மஞ்சளாகவே கோடு இழுக்கும். ஆனால் பைரைட்டும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் தரும். அடுத்து எஃகுக் கத்தி முனையால் கீறுங்கள். கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் (1 முதல் 10 வரை) கத்தி சுமார் 5.5, சால்கோபைரைட் 3.5–4, பள்ளம் விழுந்து கரும்பொடி உதிரும். பைரைட் 6–6.5, அதில் முனை வழுக்கும். வழுக்கும்போது கத்தியின் இரும்பே கல்மேல் பளிச்சென்று ஒரு கோடாக ஒட்டிக்கொள்ளும். பலர் ஏமாறுவது இங்கேதான். விரலால் துடைத்துவிட்டு, லென்ஸில் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். சின்னத் திட்டாக இருந்தால் முனை பக்கத்துக் குவார்ட்ஸில் பட்டுவிடும், கவனம்.

பதில் 2:
நீலம், ஊதாவை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது மேற்பூச்சு மட்டுமே. ஓரத்தில் சிறு துண்டு உடைத்துப் புதுமுகத்தைப் பாருங்கள். போர்னைட் என்றால் செம்பு கலந்த பழுப்பு. சால்கோபைரைட் என்றால் பித்தளை மஞ்சள். போர்னைட்டுக்கு வழங்கும் 'மயில் தாது' என்ற பெயரில் விற்பவற்றில் பல, அமிலத்தில் நனைத்து நிறமேற்றிய சால்கோபைரைட்தான். காந்தமும் வைத்துப் பாருங்கள். ஈர்த்தால் பிர்ரோடைட்டாக (காந்தம் ஈர்க்கும் இரும்பு–கந்தகக் கனிமம்) இருக்கலாம். அதுவும் கத்திக்குக் கீறப்படும்.

கேட்டவர்:
பள்ளம் விழுந்தது, புதுமுகம் மஞ்சள், காந்தம் ஈர்க்கவில்லை. தாமிரம் எவ்வளவு இருக்கும்? வேதிச் சோதனை உண்டா?

பதில் 1:
அப்படியானால் சால்கோபைரைட்தான். தூய கனிமத்தில் எடைக்கு 34.6% தாமிரம், 30.4% இரும்பு, மீதி கந்தகம். இது கனிமத்துக்கு மட்டும். சுரங்கப் பாறையில் மொத்தத் தாமிரம் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பது சாதாரணம். அதனால்தான் அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு, 25–30 சதவீதச் செறிவாக்கிய பிறகே உருக்குகிறார்கள்.

சோதனைக்கு அரிசியளவு பொடி போதும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் மெல்லச் சூடாக்கிக் கரையுங்கள். பழுப்புப் புகை நச்சு. புகைபோக்கி உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். ஆறிய பின் தண்ணீர் கலந்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். செம்பழுப்பு வீழ்படிவு இரும்பு. மேலே நிற்கும் அடர்நீலம் தாமிரம். பைரைட்டில் அந்த நீலம் வராது. நீலம் வெளிறிக் கலங்கலாக இருந்தால் அம்மோனியா போதவில்லை. நெடி தூக்கலாக வரும்வரை சேருங்கள். சூடான அமிலத்தில் ஊற்றினால் தெறிக்கும்.

பதில் 2:
பொடியைத் தீயில் வறுத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டவே வேண்டாம், கந்தக டை ஆக்சைடு வெளியேறும்.