மறுமொழி: நாளும் மாதமும் இடம் மாறுவதற்கு ஒரு சொல் – ‘தேதி மயக்கம்’

நண்பர்களுக்கு வணக்கம்.

03/04/2024 என்று தட்டிய ஏப்ரல் 3-ஐக் கணினி மார்ச் 4 என்று படித்துவிடும் பிழைக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘தேதி வடிவச் சிக்கல்’ என்றே சொல்லலாமே, புதுச்சொல் எதற்கு என்று போன மடலில் கேள்வி வந்தது. போதாது என்பது என் கட்சி. வடிவம் என்பது தேதி போட்டிருக்கும் சட்டை. 2024 ஏப்ரல் 3-ஐ எக்செல் உள்ளே 45385 என்ற தொடரெண்ணாக, 1900-இன் தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் நாள் கணக்காக, வைத்திருக்கிறது. வெளியே எப்படிக் காட்டினாலும் அந்த எண் மாறாது. கேடு வருவது அதற்கு முந்தைய கட்டத்தில், தட்டியதையோ சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வந்ததையோ கணினி படிக்கும்போது. வட்டார அமைப்பில் ‘மாதம் முதலில்’ என்று இருந்தால் அதே 03/04/2024 உள்ளே 45355 ஆகிவிடும், அதாவது மார்ச் 4. முப்பது நாள் போயே போச்சு. திரையில் ஓர் எச்சரிக்கையும் வராது.

சென்ற மாதம் நாற்பது கணினிகளிலிருந்து வந்த கோப்புகளை ஒரே விரிதாளில் ஒட்டினேன். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் கலத்தின் வலப்பக்கம், சில இடப்பக்கம். இடப்பக்கம் ஒட்டிக்கொண்டவை எல்லாம் 25/04 மாதிரி ஆட்கள். 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் கணினி அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. பார்த்தவுடன் தெரிந்தது, திருத்தினேன். வலப்பக்கம் சமர்த்தாக நின்றவைதான் ஏமாற்றின. கணக்குப் போட்டால், நாள் 12-க்குள் இருக்கும் தேதிகள் ஆண்டுக்கு 144. அவற்றில் 01/01, 02/02 போன்ற 12 புரண்டாலும் அதேதான். மிச்சம் 132 தேதிகள் சத்தமில்லாமல் வேறு நாளாகிவிடும்.

பெயர் வேண்டியது இந்த 132-க்கு.

‘முன்பின் தேதி’ என்ற பரிந்துரை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் ‘முன்தேதியிடுதல்’ என்றால் வேண்டுமென்றே செய்யும் காரியம். தணிக்கைக்காரர் காதில் விழுந்தால் வேறு பேச்சாகிவிடும். ‘போலித் தேதி’க்கும் அதே ஆபத்து. இலக்கணத்தில் முன்பின்னாகத் தொக்க போலி உண்டு, சொல்லின் இரு பகுதிகள் இடம் மாறி நிற்பது. இல்வாய் ‘வாயில்’ ஆனது போல; புறநகர், கடைக்கண் எல்லாம் அந்த வகை. ஆனால் அங்கே இடம் மாறியும் பொருள் மாறுவதில்லை. இங்கே பொருள்தான் பறிபோகிறது.

நான் முன்வைப்பது ‘தேதி மயக்கம்’. ஒரு வேற்றுமையின் உருபு இன்னொரு வேற்றுமையின் பொருளில் வந்தால் உருபு மயக்கம் என்கிறோம். நாளின் இடத்தில் இருப்பதை மாதமாகக் கொள்வதும் அதே கதைதான். வினையாக்கவும் வசதி: மயங்கிய தேதி, தேதி மயங்கிவிட்டது. தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 சொல்லும் 2024-04-03 என்ற முறையை (ஆண்டு, மாதம், நாள்) ‘மயங்காத் தேதி’ என்றே அழைக்கலாம். இடப்பக்கம் நின்றவை மயங்கியவை அல்ல, அவற்றுக்கு ‘எழுத்துத் தேதி’ போதும். பழைய மேக் எக்செல் கோப்புகளில் 1900-க்குப் பதில் 1904-ஐத் தொடக்கமாகக் கொண்டதால் வரும் 1462 நாள் வித்தியாசமும் மயக்கம் ஆகாது; அங்கே நாளும் மாதமும் இடம் மாறவில்லை, எண்ணத் தொடங்கிய நாள்தான் வேறு.

அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தபோது, “மயக்கமா, தண்ணி தெளிங்க சார்” என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் மறுநாள் “இந்த ஃபைல்லயும் மயங்கியிருக்கு சார்” என்று வந்து நின்றார்கள். எனக்கு அது போதும்.

‘தேதி’க்குப் பதில் ‘நாள்’ என்று வைக்கச் சொன்னவருக்கு: நாள், மாதம், ஆண்டு மூன்றில் ஒன்றுக்கே அந்தப் பெயர் இருக்கும்போது முழுமைக்கும் அதையே வைத்தால் நாமே இன்னொரு மயக்கத்தை உண்டாக்குவோம். ஈழத்து நண்பர்கள் ‘திகதி மயக்கம்’ என்று எழுதட்டும், தடையில்லை.

விரிதாளில் நான் எழுதிவைக்கும் எச்சரிக்கை வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “இந்த நெடுவரிசையில் சில தேதிகள் மயங்கியிருக்கலாம்.” ‘மயங்கியுள்ளன’ என்று அடித்துச் சொல்லலாமே என்றார் ஒருவர். கூடாது. 03/04-ஐ மட்டும் வைத்துக்கொண்டு கணினியால் அதை உறுதி செய்ய முடியாது. ரசீது எண் வரிசையோடு ஒத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.