திரிபுராவில் திப்ரா மோத்தாவின் எழுச்சிக்கு என்ன காரணம்?

கேள்வி (வாசகன்): திரிபுராவில் பழங்குடியினருக்குத் தனி மாநிலம் கேட்டு வந்த ஐ.பி.எஃப்.டி. கட்சி 2018 தேர்தலில் 8 இடங்களைப் பிடித்தது. 2023இல் அது ஒரே இடத்தில் சுருங்கிவிட, 2021இல்தான் கட்சியாக உருவெடுத்த திப்ரா மோத்தா 13 இடங்களை வென்றது. கோரிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்போது மக்கள் ஏன் இப்படி அணி மாறினார்கள்?

மறுமொழி (தென்னவன்): கோரிக்கை ஒன்றுதான், ஐயா, ஆனால் ஐ.பி.எஃப்.டி.யினர் 2018இல் பா.ஜ.க. ஆட்சியில் பங்கு கிடைத்ததும் அடங்கிவிட்டார்கள் என்ற மனத்தாங்கல் மலைப்பகுதிகளில் பரவலாக இருந்தது. அரசர் காலத்தில் பாதியளவு இருந்த பழங்குடியினர், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த மக்கள் பெருக்கத்தால் 2011 கணக்கெடுப்பில் 31.8 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். நிலமும் மொழியும் கைநழுவிப் போகின்றன என்ற அந்தப் பழைய அச்சத்தை, காங்கிரசிலிருந்து 2019இல் விலகிப் பின்னர் திப்ரா மோத்தாவைத் தொடங்கிய அரச வாரிசு பிரத்யோத் மாணிக்ய தேவ்பர்மா மறுபடியும் பேச எடுத்தார். பழங்குடிப் பகுதிகளை நிர்வகிக்கும் தன்னாட்சி மாவட்டக் குழுவுக்கு 2021இல் நடந்த தேர்தலில், தேர்தல் நடந்த 28 இடங்களில் 18 அவருடைய அணிக்குக் கிடைத்தன.

மறுமொழி (மலைச்சாரல்): பணி நிமித்தம் அகர்தலாவில் சில ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முடியாட்சி போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பிரத்யோத்தைப் பழங்குடி மக்கள் 'புபாக்ரா', அதாவது அரசர் என்றே அழைப்பார்கள். கூட்டங்களில் ரிசா என்ற பாரம்பரியத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றுமையைக் குறிக்கும் 'தான்சா' என்ற முழக்கத்தை எழுப்புவார்கள். கட்சியின் சின்னமோ அன்னாசிப்பழம். மலைக்கிராமத்துப் பெண்கள் சாலையோரம் குவித்து விற்கும் பழம் அது என்பதால், யாரும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜனநாயகத்தில் அரச பட்டத்துக்கு இவ்வளவு செல்வாக்கா என்று எனக்கு உறுத்தியது உண்டு.

மறுமொழி (கணக்கன்): எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 60 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை 20 மட்டுமே. அவற்றில் 13ஐ வென்றாலும் ஆட்சியமைக்க முடியாது. இருந்தும் சட்டமன்றத்தில் பா.ஜ.க.வுக்கு அடுத்த பெரிய கட்சி என்ற நிலையையும் எதிர்க்கட்சித் தலைவர் பதவியையும் மோத்தா அடைந்தது. 2024 மார்ச் 2ஆம் நாள் மத்திய, மாநில அரசுகளுடன் முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஒரு வாரத்துக்குள் பா.ஜ.க. தலைமையிலான மாநில அமைச்சரவையிலும் சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் பிரத்யோத்தின் சகோதரி தாமரைச் சின்னத்தில் நின்று கிழக்குத் திரிபுராவில் வென்றார். ஐ.பி.எஃப்.டி. நடந்த பாதைதான் இது என்பது என் எண்ணம்.

மறுமொழி (தென்னவன்): முழுவதும் ஒன்றல்ல, நண்பரே. மாநிலப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்ட தன்னாட்சிக் குழுவைக் கையில் வைத்துக்கொண்டு மோத்தா பேரம் பேசியது, ஐ.பி.எஃப்.டி.க்கு அந்தப் பிடிமானம் இருக்கவில்லை. ஆனால், அந்த ஒப்பந்தத்தில் நிலம், மொழி குறித்துச் சொல்லப்பட்டவை நடைமுறைக்கு வராவிட்டால், ஐ.பி.எஃப்.டி.யிடம் கேட்ட கேள்வியையே மலைமக்கள் மோத்தாவிடமும் கேட்பார்கள்.