பேராதனைப் பூங்காவில் மாமாவோடு ஒரு நாள்

இலங்கையில் பள்ளிக்கூடம் போனவர்களில், கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் பார்க்காதவர்கள் குறைவு. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஓர்க்கிட் வீடு, தொங்கு பாலம், புல்வெளியில் பிரித்துச் சாப்பிட்ட சோற்றுப் பார்சல், இவ்வளவுதான் சொல்வார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். வரிசை கலையக் கூடாது என்று ஆசிரியர் விசில் ஊதிக்கொண்டே வந்ததில் ஒரு மரத்தடியிலும் நிற்க வாய்க்கவில்லை. வளர்ந்தபிறகு மாமாவோடு போனபோதுதான் அங்கே நின்று பார்க்க எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது.

மாமா அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாற்றுமேடையிலும், கவ்வாத்து மலையிலும் (தேயிலையை உயரம் குறைத்து வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து) வேலை செய்து ஓய்வு பெற்றவர். படிப்பு கொஞ்சம்தான். ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்தே செடிக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். அட்டனில் ரயிலேறி, பேராதனைச் சந்தியில் இறங்கி, ஓட்டோ பிடித்துப் போனோம். வாரநாள் என்பதால் வாசலில் கூட்டமில்லை.

உள்ளே போனதும் வாசனைப் பயிர்ப் பகுதியிலேயே மாமா நின்றுவிட்டார். சாதிக்காய் மரத்தடியில் ஒரு காய் வெடித்துக் கிடந்தது. வெளிர்மஞ்சள் தோல் இரண்டாகப் பிளந்து, உள்ளே கரும்பழுப்புக் கொட்டை. அதைச் சுற்றி வலை பின்னியது மாதிரி ரத்தச் சிவப்பில் வசுவாசி (சாதிபத்திரி). கடையில் வாங்கும்போது அது காய்ந்து செம்மஞ்சளாக இருக்கும். பச்சையில் அந்தச் சிவப்பைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. "இதுல ஆணு வேற, பொண்ணு வேற, மருமகனே. காய்க்காத மரத்தை வெட்டிப்புட்டு அப்புறம் மத்ததும் காய்க்கலையேன்னு அழுதவன் உண்டு" என்றார். குனிந்து பார்த்தோம், தொடவில்லை. அங்கே எதையும் பறிக்கவோ பொறுக்கவோ கூடாது.

ஓர்க்கிட் வீட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். பூ அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 147 ஏக்கர் இடத்தில், மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடும் மண்ணில், நூறு வருஷத்துக்கும் மேலான மரங்கள் நிற்கும்போது சட்டிப் பூவுக்கு நேரத்தைச் செலவழிப்பது என் கணக்கில் சரியில்லை.

நாகலிங்க மரத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள். பிற்பாடு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர், இளவரசராக 1901இல் மனைவியோடு வந்து நட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் வேடிக்கை: பூவும் காயும் நுனிக் கிளையில் இல்லை, அடிமரத்தில். பட்டையிலிருந்தே முறுக்கிய குச்சிகள் கிளம்பி, அவற்றில் மொட்டும் பூவும், பக்கத்திலேயே பீரங்கிக் குண்டு அளவில் காயும் தொங்குகின்றன. நமக்கு அது சிவன் கோயில் பூ. சிங்கள மக்கள் அதையே புத்தர் கதையில் வரும் சால மரமாக நினைத்து விகாரைகளில் நட்டு வணங்குகிறார்கள். மரமோ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. புத்தர் கதையின் சால மரம் வட இந்தியக் காட்டைச் சேர்ந்த வேறு இனம். இரண்டு சமயமும் வந்தேறி மரம் ஒன்றைச் சொந்தம் கொண்டாடுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இதே மாதிரி பெரிய மனிதர்கள் நட்ட மரங்கள் நிறைய. 1875இல் வேல்ஸ் இளவரசர் நட்ட அரச மரம், 1891இல் ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கலஸ் நட்ட நாக மரம், 1961இல் விண்வெளி வீரர் யூரி ககாரின் நட்டது. நான் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனேன். மாமா பலகைப் பக்கம் திரும்பவே இல்லை, அடிமரத்தைப் பார்த்தார். "ராசா வந்து ஒரு கரண்டி மண்ணு போட்டிருப்பாரு. குழி வெட்டிக் குடுத்தவன் கெட்டிக்காரன். ஆழம் தப்பியிருந்தா இவ்வளவு காலம் நிக்காது."

பெரிய புல்வெளியில் ஜாவா அத்தி. குடை விரித்தாற்போலப் பரந்து நிற்கும் அந்த ஒற்றை மரத்தடியில் ஒரு பாடசாலை முழுவதும் உட்காரலாம். நாங்கள் போனபோது வேர் இடுக்குக்கு ஒரு ஜோடி வீதம், கையில் விரித்த குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, குடை எதற்கென்று மாமா கேட்டார். பேச்சை மாற்றினேன். அவர் சும்மா இருக்கவில்லை; கிளை அறுத்த இடம் ஒன்றைக் காட்டினார். வெட்டின் ஓரத்தில் பட்டை தடித்த வளையமாகச் சுருண்டு, உள்நோக்கி வளர்ந்து, நடுவில் உள்ளங்கை அளவு மரம் மட்டும் இன்னும் மூடாமல் இருந்தது. "தண்ணி தேங்காம சாய்ச்சு அறுத்திருக்கான் பாரு. தட்டையா அறுத்திருந்தா நடு உளுத்திருக்கும். தேயிலைக்கும் இதே கதைதான்." அதற்குப் பிறகு எந்த மரத்தைக் கண்டாலும் என் கண் வெட்டு வாயைத் தேடுகிறது.

குக் பைன் சாலையில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். நியூ கலிடோனியாத் தீவு மரம். ஊசி மாதிரி நேராக வளர வேண்டியது இங்கே போதையில் நடப்பவன் போலக் கோணிக்கொண்டு நிற்கிறது. காற்றுத்தான் காரணம் என்றார் மாமா. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன்: ஐந்து கண்டங்களில் இந்த மரத்தை அளந்திருக்கிறார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவை பெரும்பாலும் தெற்குப் பக்கமும், தெற்கே இருப்பவை வடக்குப் பக்கமும் சாய்கின்றனவாம். சராசரிச் சாய்வு எட்டரைப் பாகை. பூமத்திய ரேகையிலிருந்து தூரம் கூடக் கூடச் சாய்வும் கூடுகிறது. "ரேகை எங்க இருக்குன்னு மரத்துக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். வெளிச்சம் வரும் திசையாக இருக்கலாம் என்றேன். காற்று என்ற கட்சியை அவர் விடவில்லை.

பனைச்சாலையும் உண்டு. யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன், டிக்கட் எடுத்துப் பனை பார்த்த கதையை ஊரில் சொல்லவே மாட்டேன் என்பான். அரசப்பனைச் சாலை படத்தில் வருவதைவிட நேரில் நீளம். தாளிப்பனை வேறு ரகம்: முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து, உச்சியில் ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்து அத்தோடு செத்துப்போகும். பழைய சிங்கள ஏடுகள் அதன் ஓலையில் எழுதப்பட்டவை. செய்செல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய் மரங்களும் நிற்கின்றன. உலகிலேயே பெரிய விதை அதனுடையது. காய் முற்ற ஆறேழு வருஷம். மாலைதீவுக் கரையில் ஒதுங்கிய காய்களைப் பார்த்து, கடலுக்கு அடியில் தென்னை வளர்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்களாம்.

ஆற்றோரம் இராட்சத மூங்கில். முளைவிடும் பருவத்தில் ஒரே நாளில் ஓரடி வரை வளரும். புதர் காற்றில் உரசிக் கிரீச்சிடும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. கொஞ்சம் தள்ளி உயரமான மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தலைகீழாக, ஓயாத இரைச்சலோடு. அந்த மரங்களுக்கு நேர் கீழே நடக்காதீர்கள், தொப்பி இருந்தாலும்.

மரம் பார்த்துக்கொண்டே போனாலும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இடத்தில் வேறொரு கணக்கும் இருக்கிறது. 1815இல் கண்டியைப் பிடித்த வெள்ளைக்காரர், 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரைக் கொண்டு இங்கே தோட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் நட்டவற்றில் கோப்பியும் கறுவாவும் முக்கியம். எது மலையில் பிடிக்கும், எது விற்கும் என்று பார்ப்பதற்கான நாற்றுமேடைதான் இது. கோப்பி பிடித்தது. அதற்கு ஆள் வேண்டும் என்றுதான் எங்கள் பாட்டன் பூட்டன்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது. இந்தத் தோட்டத்தை நடத்திய துவைட்ஸ்தான் நோய் கண்ட இலையை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க வைத்தார். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கேயே வந்து தங்கி அந்தப் பூஞ்சையை ஆராய்ந்தார். காரணம் தெரிந்தது, கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குள் தேயிலை கைகொடுத்துவிட்டது. சீனத்துச் செடி 1824லேயே பேராதனைக்கு வந்திருந்தது. அசாம் விதை 1839இல். ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் வியாபாரத்துக்காகத் தேயிலை போட்டார். ஆக, எங்கள் குடும்பம் மலையேறிய கதைக்கு இந்தத் தோட்டமும் ஒரு சாட்சி.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லி, இங்கே தேயிலைச் செடி எங்கே நிற்கிறது என்று விசாரிக்கலாமா என்றேன். "அதைப் பாக்கவா டிக்கட் எடுத்தோம்?" என்று சிரித்துவிட்டார். அப்புறம் புல்லில் உட்கார்ந்து அவராகவே பேசினார். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலையும் மரமாகிவிடும். அந்தக் காலத்தில் விதைக்கென்று அப்படி விட்டு வைத்த தேயிலை மரங்களில் ஏறி விளையாடியிருக்கிறாராம். பிறகு விதை போய்த் தண்டு வந்தது. ஒரு இலை, ஒரு கணு என்று துண்டு நறுக்கிப் பையில் நட்டே அவர் காலம் போயிற்று. மரமாக வளர வேண்டியதை இடுப்புயரத்துக்கு மேலே விடாமல் பார்த்துக்கொண்டவர், அன்று அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி என்றார்.

போகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை பெரும்பாலும் கொட்டும். ஒரே நாளில் எல்லாம் பார்க்க ஆசைப்படாமல், ஜாவா வாதுமைச் சாலை, குக் பைன், ஆற்றோரம் என்று பிரித்துக்கொண்டால் நின்று பார்க்க முடியும். ஜாவா வாதுமையின் பலகை வேர்கள் ஆளுயரச் சுவர். சின்னப் பிள்ளைகள் அங்கே ஒளிந்துகொண்டால் தேடிக் களைத்துப் போவீர்கள்.

பர்மாவிலிருந்து வந்த அம்ஹேர்ஸ்டியா மட்டும் எங்களுக்கு ஏமாற்றம். பூக்கும் மரங்களுக்கெல்லாம் ராணி என்பார்கள். நாங்கள் போனபோது இலை மட்டும்தான். பூவோடு பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எந்த மாதம் போனீர்கள் என்று எழுதுங்கள். மாமா இன்னொரு தரம் வரத் தயாராகத்தான் இருக்கிறார்.