வலிக்கு ஆங்கிலத்தில் ‘பெயின்’ மட்டும் போதுமா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து, ஒரு மகள்:

போன மாதம் அம்மாவைத் தோள்பட்டை வலிக்காக மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அம்மாவுக்கு 72 வயது. கும்பகோணம் பக்கம். இங்கே வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. “வலி எப்படிப்பட்டது? ஷார்ப்பா, டல்லா?” என்று மருத்துவர் கேட்டார். “குத்துகிறதா அம்மா, இல்லை மந்தமாக வலிக்கிறதா?” என்று கேட்டேன். “குத்தவும் இல்லை, மந்தமும் இல்லை. ராத்திரி படுத்தால் குடைகிறது” என்றார். சொன்னதோடு நிற்காமல் ஆள்காட்டி விரலைத் தோளில் ஊன்றி, திருப்புளியைத் திருகுவது போலத் திருகிக் காட்டினார்.

எனக்கு வாயில் வந்தது ‘பெயின்’ ஒன்றுதான். அதை மருத்துவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். பத்துக்கு எத்தனை என்று அடுத்த கேள்வி. “பகலுக்கு மூன்று, ராத்திரிக்கு எட்டு” என்றார் அம்மா. அதைக் கேட்டதும்தான் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தூக்கத்தைப் பற்றி விசாரித்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பல் கூசுகிறது, கண் உறுத்துகிறது, இடுப்பு பிடித்துக்கொண்டது, நெஞ்சு கரிக்கிறது, தலை விண்விண் என்று தெறிக்கிறது என்று அம்மா தினமும் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் சொல்கிறார். அத்தனையையும் ‘பெயின்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டேனே என்று மனம் ஆறவில்லை. குடைச்சலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வீர்கள்? உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

பர்மிங்ஹாமிலிருந்து, ஒரு செவிலியர்:

என் சொந்த ஊர் நாகர்கோவில். இங்கே வந்த புதிதில் என்னைத் தடுமாற வைத்தவை வலியைக் குறிக்கும் சொற்கள்தான். ஊசி போடும்முன் இங்கே ‘ஷார்ப் ஸ்க்ராட்ச்’ என்பார்கள். வலிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அறுவை முடிந்தவர்களிடம் ‘சோர்’ ஆக இருக்கிறதா என்று கேட்பார்கள். தொட்டால், அசைத்தால் நோகிறதா என்று பொருள். நாம் சொல்லும் ‘மை லெக் இஸ் பெயினிங்’ இங்கே யாருக்கும் புரியாமல் போகாது, ஆனால் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வினையாக வந்தால் ‘ஹர்ட்ஸ்’தான்.

ஒன்றை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். ஒரு நாள் இரவு நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். “எனி பெயின்?” என்று கேட்டதற்கு “நோ” என்றுவிட்டார். முகமெல்லாம் வியர்வை. எனக்கு மனம் கேட்கவில்லை. அருகே போய், “ஐயா, நெஞ்சில் என்ன செய்கிறது?” என்று தமிழில் கேட்டேன். “வலி இல்லை அம்மா, பாறாங்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி பாரமாக இருக்கிறது” என்றார். உடனே ஈசிஜி எடுத்தார்கள். அது மாரடைப்பு. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் வலி வேறு, பாரம் வேறு. மாரடைப்பு பலருக்கு இப்படி அழுத்தமாகவோ இறுக்கமாகவோதான் வரும். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் ‘பெயின்’ என்பதோடு ‘ப்ரெஷர்’, ‘டைட்னஸ்’, ‘டிஸ்கம்ஃபர்ட்’ என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்காக மொழிபெயர்க்கிறவர்கள் ‘வலி இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கனடாவின் மொன்றியலிலிருந்து, நாரி நோவோடு (இடுப்பு வலியோடு) ஐந்து வருடம் வாழ்ந்தவர்:

தங்கச்சி, குடைச்சலுக்குச் சொல் இருக்கிறது. எனக்குச் சிகிச்சை தந்த இடத்தில் ஒரு தாளைத் தந்தார்கள். இதே ஊரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியல் அது. 20 பிரிவுகள், 78 சொற்கள். எரிவுக்கு மட்டும் ‘ஹாட்’, ‘பர்னிங்’, ‘ஸ்கால்டிங்’, ‘சியரிங்’ என்று நான்கு படிகள். ஒரு பிரிவில் ‘ப்ரிக்கிங்’, ‘போரிங்’, ‘ட்ரில்லிங்’ என்று வரிசையாக இருந்தன. ‘போரிங்’ என்பதைக் கண்டதும் சலிப்பூட்டும் வலி என்றுதான் நினைத்தேன். அங்கிருந்த பெண் கையால் துளைத்துக் காட்டினார், உங்கள் அம்மா செய்தது போலவே. குடைச்சல் அதுதான். ஆனால் ‘போரிங்’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர் குழம்பலாம். ‘லைக் எ ட்ரில்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இலங்கையில் எங்கள் ஊரில் தலைவலியைத் தலையிடி என்போம். விட்டுவிட்டுத் துடிப்பதைக் குறிக்கும் ‘த்ராபிங்’ என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது! கால் உளைவு என்று அம்மம்மா சொல்வது ‘ஏக்’. விடாமல், மெதுவாக, நாள் முழுதும் இருப்பது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் அம்மம்மாவின் சொல்லைத் தேடிய அன்றுதான் முதன்முறையாக என் வலியை யாரோ நம்புகிறார்கள் என்று தோன்றியது.

திருச்சியிலிருந்து, ஆங்கில ஆசிரியர்:

பயன்பாட்டைப் பற்றிச் சிறிது. ‘ஏக்’ எல்லா உறுப்போடும் ஒட்டாது. தலை, பல், காது, வயிறு, முதுகு ஆகியவற்றோடு சேரும். முழங்காலுக்கும் மார்புக்கும் ‘பெயின்’தான். ஓடும்போது விலாவில் பிடிப்பது ‘ஸ்டிட்ச்’, தசை சுருண்டு இழுப்பது ‘க்ராம்ப்’, பசியும் குற்ற உணர்வும் சுருக்கென்று தைப்பது ‘பேங்’.

‘பெயின்’ என்ற சொல்லுக்கு மூலம் தண்டனையைக் குறிக்கும் லத்தீன் சொல். ‘பெனால்ட்டி’யும் அதே வேரில் பிறந்ததுதான். நம் ‘வலி’ அதற்கு நேர் எதிரான வழியில் வந்திருக்கிறது. திருக்குறளின் 48ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’. அங்கே வலி என்றால் வலிமை. வேதனையைச் சொல்ல வள்ளுவர் எடுப்பது ‘நோய்’ என்ற சொல்லை. மொன்றியல் சகோதரி எழுதிய ‘நோ’ அந்தப் பழைய வேர். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு கணம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

லெஸ்டர் மகள், மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. ‘லைக் எ ட்ரில், வொர்ஸ் அட் நைட்’ என்று தாளில் எழுதிவிட்டேன். அம்மாவிடம் காட்டியதும் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறார்: கடுப்பு. வெகுநேரம் நின்றால் கால் கடுக்கிறது, சிறுநீர் போனால் நீர்க்கடுப்பு, வயிற்றுப்போக்கில் வயிற்றுக்கடுப்பு, தேள் கொட்டினாலும் கடுப்பு. அம்மாவுக்கு இப்போது இருப்பது கால் கடுப்பு. ‘ஏக்’ என்று எழுதலாமா, வேறு சொல் இருக்கிறதா? வரும் செவ்வாய்க்கிழமை மீண்டும் போகிறோம்.