மறுமொழி: ஸ்பெக்கிளுக்குப் 'புள்ளியிரைச்சல்' சரிதானா?

வணக்கம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும் என்று அக்கா நேற்றே நினைவூட்டிவிட்டார். பினாங்கு உடல்நல முகாமுக்கு வருகிறவர்கள் கழுத்துத் தமனியின் டாப்ளர் படத்தை, அதாவது மீயொலியை (அல்ட்ராசவுண்ட்) அனுப்பி இரத்த ஓட்டத்தை அளக்கும் படத்தைப் பார்த்து, "இது என்ன, பொரி பொரியாக?" என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் ஸ்பெக்கிள் எனப்படும் அந்தப் பொரிக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். ஆனாலும் பலர் ஒப்புக்கொண்ட 'புள்ளியிரைச்சல்' என்ற சொல்லை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

> 'இரைச்சல்' என்று சேர்த்தால்தான் மாணவருக்குப் புரியும்.

புரியும் தம்பி, தவறாகப் புரியும். கருவியின் மின்சுற்றில் எழும் இரைச்சல் நொடிக்கு நொடி மாறும். ஸ்பெக்கிள் அப்படியல்ல. 5 மெகாஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளம் உடலுக்குள் சுமார் 0.3 மில்லிமீட்டர், சிவப்பணுவின் விட்டமோ 7, 8 மைக்ரோமீட்டர்தான். அத்தனை அணுக்களிலிருந்தும் திரும்பும் எதிரொலிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பட்டர்வொர்த் படகுத்துறையில் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வரும் ஃபெரியின் அலையும் போகும் ஃபெரியின் அலையும் முகடோடு முகடு சேர்ந்தால் எழும்பும், முகடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கிவிடும். படத்தின் வெள்ளையும் கறுப்பும் அதுதான். அசையாத திசுவின் மேல் கருவியை அதே இடத்தில் வைத்தால் அதே கோலம் மறுபடியும் வரும். அதைப் போய் இரைச்சல் என்பதா?

"இரத்தம் ஓடுகிறதே" என்று டாக்டர் ஐயா மறித்தது நியாயம். அணுக்கள் ஓட ஓடக் கோலமும் மாறுகிறது. ஓட்டம் சீராக இருந்தாலும் திரையில் வேக வரைபடம் மினுங்கிக்கொண்டே இருக்கிறது. பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் ஆட்டம் குறைகிறது. அளப்பவருக்கு அது தொல்லைதான். ஆனால் டாப்ளர் கருவிக்குக் கிடைப்பதே அந்தக் கலந்த எதிரொலிதான் ஐயா. அது இல்லையென்றால் அளக்க எதுவும் இல்லை.

அப்புறம், சொற்கள். புள்ளி என்ற பொருளில் 'பொறி' அழகான சொல், பொறிவண்டில் இன்றும் வாழ்கிறது. ஆனால் 'பொறியிரைச்சல்' என்றால் எஞ்சின் சத்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஈப்போ ஐயா எடுத்துக்கொடுத்த 'புகர்' சங்கப் பாடல்களில் யானை முகத்துப் புள்ளி, புகர்முகக் களிறு. அங்கிருந்து அவர் சுணங்கு, திதலை, தேமல் என்று தோல் புள்ளிகளின் பெயர்களுக்குப் போன மடலை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு சுவை. ஆனால் முகாமுக்கு வரும் பாட்டியின் காதில் 'புகர்', 'புகார்' என்றே விழும். மலாயில் புள்ளியைப் 'பிந்திக்' என்றதும் இங்கே எல்லாருக்கும் புரிகிறது. அந்த எளிமை நமக்கும் வேண்டும்.

என் சொல் 'குறுணை', உடைந்த அரிசி. கஞ்சி காய்ச்சிய வீட்டில் தெரியாத சொல்லா? குறுநொய்தான் குறுணையாயிற்றா என்ற வழக்கு தனி இழையில் நடக்கட்டும். படத்தில் தெரியும் கோலம் குறுணை. அதனால் அளவு ஆடுவது குறுணையாட்டம். இரண்டும் வேறு வேறு, பெயரும் வேறாக இருக்கட்டும்.

குறுணை என்றால் இரத்தத்தில் ஏதோ மிதப்பதாகப் பயப்படுவார்கள் என்கிறார் அக்கா. புள்ளி என்றாலும் அந்தப் பயம் வரும் அக்கா.

சரி, நாலு பேர் சொல்லிவிட்டீர்கள். கையேட்டில் 'புள்ளியிரைச்சல்' போகட்டும். அதன் கீழே "இந்தப் புள்ளிகள் இரத்தத்தில் மிதப்பவை அல்ல" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். சொற்பட்டியலில் குறுணையையும் பக்கத்திலேயே வையுங்கள். நான் உடன்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.