கோடிக்கணக்கில் ஒரு கைக்கடிகாரம்: தகுமா, தகாதா?

டவுன்காரன்:
2019-இல் ஜெனீவாவில் நடந்த தரும ஏலத்தில் படேக் பிலிப் கம்பெனியின் கிராண்ட்மாஸ்டர் சைம் என்ற கைக்கடிகாரம் 3 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது. ஸ்டீலில் அந்த ஒன்றுதான் செய்தார்கள். உள்ளே 1,366 பாகங்கள். அந்த விலை தகும் என்பதுதான் என் கட்சி. அதிலிருக்கும் மினிட் ரிப்பீட்டரை, அதாவது கேட்கும்போது நேரத்தை அடித்துச் சொல்கிற அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 12:59-க்குத் தட்டிவிட்டால் மணிக்கு 12 அடி, அப்புறம் கால் மணிக்கு ஒன்றாக மூன்று தொடர் அடி, கடைசியில் மீதி நிமிஷத்துக்கு 14 அடி, எல்லாம் குட்டிச் சுத்தியலும் கம்பியும் எழுப்புகிற ஓசை.

பேட்டைத் தம்பி:
அண்ணாச்சி, ரிப்பீட்டர் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இருட்டில் மணி பார்க்க வழியில்லாத காலத்தில் வந்தது. இப்போது போர்வைக்குள்ளேயே போனைத் தொட்டால் மணி தெரிகிறது. அதைவிடப் பெரிய குறை ரிப்பேர். எச்.எம்.டி. ஜனதா வாட்ச் நின்றுபோனால் ஜங்ஷன் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு, ஓடவைத்துக் கொடுத்துவிடுவார். இதை யாரிடம் கொடுப்பது?

டவுன்காரன்:
உபயோகம் மட்டும் பார்த்தால் பத்தமடைப் பட்டுப்பாயும் வேண்டாம், பிளாஸ்டிக் பாயே போதும் என்றாகிவிடும் தம்பி. எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று தானே கணக்குவைத்துத் தேதி மாற்றுகிற பெர்பெச்சுவல் காலண்டரைப் பாருங்கள். நாலு வருஷத்துக்கு ஒரு சுற்று வரும் சக்கரம், அதன் விளிம்பில் 48 மாதம். 31 நாள் மாதத்துக்கு விளிம்பு முழுசாக இருக்கும், 30-க்குச் சின்னப் பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம், லீப் வருஷத்துப் பிப்ரவரிக்கு மட்டும் அந்த ஆழம் ஒரு மயிரிழை குறைவு. ஒரு நெம்புகோல் அதில் எவ்வளவு இறங்குகிறதோ அதை வைத்து மாதக் கடைசியில் தேதி தாண்டும். பேட்டரி கிடையாது. ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொண்டால் 2100 பிப்ரவரி வரை தேதியைத் திருத்த வேண்டியதில்லை, அந்த வருஷம் லீப் வருஷம் இல்லை என்பதால் அங்கேதான் பிசகும். இதை உலோகத்தில் வெட்டிய கைக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

பாளை வாத்தியார்:
என் குறை வேறு. சில வாட்சில் ஈக்வேஷன் ஆஃப் டைம் என்று சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட ஒரு முள் உண்டு. நம் ஊர் இந்திய நேரத்தைக் கணக்கிடுகிற தீர்க்கரேகைக்கு மேற்கே கிட்டத்தட்ட 5 பாகை தள்ளி இருக்கிறது, அதனால் 19 நிமிஷம் தனியாகக் கூட்ட வேண்டும். பாளையங்கோட்டையில் சூரியன் உச்சிக்கு வருவது நவம்பர் தொடக்கத்தில் 12:03-க்கு, பிப்ரவரி நடுவில் 12:33-க்கு. அந்த முள்ளை மட்டும் நம்பினால் நம் வெயிலுக்கு ஒத்துவராது.

டவுன்காரன்:
ஊருக்குத் தகுந்தபடி செய்யலாம் சார். 1933-இல் ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரருக்கு இதே கம்பெனி செய்து கொடுத்த பாக்கெட் கடிகாரத்தில் நியூயார்க்கில் அவர் வீட்டுக்கு மேலே தெரிகிற வானத்தையே வரைந்து கொடுத்தார்கள். நெல்லை வானத்துக்கும் செய்ய முடியும்.

பேட்டைத் தம்பி:
செய்யட்டும் அண்ணாச்சி. ஆனால் பட்டுப்பாய் ஓரம் பிரிந்தால் பத்தமடைக்கே எடுத்துப் போகலாம், இதற்கு ஜெனீவாவுக்கு அல்லவா அனுப்ப வேண்டும்?

டவுன்காரன்:
உங்கள் எச்.எம்.டி. மட்டும் என்ன, அந்த வாட்ச் கம்பெனியை மூடவே 2016-இல் முடிவெடுத்துவிட்டார்களே.

பேட்டைத் தம்பி:
மூடினால் என்ன? ஓடாத ஜனதாவில் ஓட்டத்தைச் சீராக வைக்கிற பேலன்ஸ் வீலைக் கழற்றி இன்னொரு ஜனதாவில் மாட்டி இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். கிராண்ட்மாஸ்டர் சைமுக்கு அப்படி ஒரு வழி சொல்லுங்கள், நான் உங்கள் கட்சிக்கு வருகிறேன்.